சிவப்பு மழைக்கு இரண்டாம் சோதனை

2001 ஜூலை 25. கோட்டயம் மாவட்டம் சங்கனாச்சேரியில் மழை சிவப்பாகப் பெய்தது. கொடியில் காய்ந்த வெள்ளைத் துணிகளில் கறை. சற்று முன்பு வானம் அதிர்ந்ததாகச் சிலர் சொன்னார்கள். போதாதா? எரிகல் வெடித்துச் சிதறியிருக்கும் என்று திருவனந்தபுரம், ஆக்குளத்தில் உள்ள புவி அறிவியல் ஆய்வு மையம் (சி.இ.எஸ்.எஸ்.) முதலில் கருத்துச் சொன்னது. பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம்.

சில நாட்களில் அதே மையம் அதைக் கைவிட்டது. அரசு நிறுவனம் தன் பேச்சைத் தானே மறுப்பது நம் நாட்டில் அபூர்வக் காட்சி. நுண்ணோக்கியில் தெரிந்தது எரிகல் தூசு அல்ல, வித்துகள். மழைநீர் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனத்துக்குப் போனது. அங்கே வித்துகளை ஊட்டக் கரைசலில் வளர்த்தார்கள். வளர்ந்தது ட்ரென்டிபோலியா என்ற பாசி. சங்கனாச்சேரியில் தேடினால் மரம், பாறை, விளக்குக் கம்பம் எங்கும் அதே பாசி. சந்தேகப்படுபவர் கொஞ்சம் சுரண்டி எடுத்துப்போய்த் தன் ஆய்வகத்திலேயே வளர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் காட்ஃப்ரி லூயிஸும் சந்தோஷ் குமாரும் இதை ஏற்கவில்லை. அவை விண்ணிலிருந்து வந்த அணுக்கள், டி.என்.ஏ. இல்லாதவை என்றார்கள். 300 டிகிரி செல்சியஸில் பெருகுகின்றன என்றும் 2003-ல் எழுதினார்கள். கொதிநீரின் சூட்டைப் போல மூன்று மடங்கு! 2006-ல் வெளியான இவர்களது கட்டுரை உலகச் செய்தியானது. லூயிஸை மூலிகை பெட்ரோல் ராமர் பிள்ளையோடு சேர்ப்பது அநியாயம். அவர் எதையும் ஒளிக்கவில்லை. பிரிட்டனின் ஷெஃபீல்டு, கார்டிஃப் பல்கலைக்கழகங்களுக்கும் மாதிரிகள் போயின.

ஆனால் மாதிரி கைமாறினால் மட்டும் போதாது, விளைவும் கைமாற வேண்டும். 300 டிகிரி வளர்ச்சியைத் தனியாகச் செய்து பார்த்து உறுதிசெய்த வேறு ஆய்வகம் இல்லை. 2013-ல் வெளியான ஓர் ஆய்வு, அந்த அணுக்களில் டி.என்.ஏ. இருப்பதாகச் சொன்னது. சாயம் தோய்த்துப் பார்த்து டி.என்.ஏ. தெரியவில்லை என்றால், அணுவில் இல்லாமலும் இருக்கலாம். சாயம் உள்ளே போகாமலும் இருக்கலாம். எது என்று சொல்ல இன்னொரு கை, இன்னொரு முறை வேண்டும். 2015-ல் பஞ்சாப் மத்தியப் பல்கலைக்கழகத்தின் ஃபெலிக்ஸ் பாஸ்ட் குழு மரபணு ஒப்பீட்டில் வந்து சேர்ந்ததும் பாலோடு சொன்ன அதே ட்ரென்டிபோலியாவிடம்தான். அதில் எந்த இனம் என்பதையும் சொன்னது: அனுலேட்டா.

இவ்வளவு வித்துகள் ஒரே சமயத்தில் மேகத்துக்கு எப்படி ஏறின? 2001 நவம்பரில் வெளியான அறிக்கை, அதற்குத் தன்னிடம் பதில் இல்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறது.