தோற்கும்போது பந்தயம் சிறுக்க வேண்டும்

2000-ல் உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை வென்ற கிறிஸ் ஃபெர்குசன், 2006-ல் இணையத்தில் ஒரு டாலர்கூடப் போடாமல் ஆட ஆரம்பித்தார். கட்டணமில்லாப் போட்டிகளில் கிடைத்த சில்லறைதான் முதல். பணமேசைகளில் கையிருப்பின் 5 சதவீதத்துக்கு மேல் இறக்குவதில்லை என்பது அவர் விதி. மிகச் சிறிய மேசைகளுக்கு மட்டும் விலக்கு. கையிருப்பு கரைந்தால் பந்தயமும் தானே சிறுக்கும். சுமார் ஒன்றரை ஆண்டில் 10,000 டாலரைத் தொட்டார்.

தொடர்ந்து தோற்பவரோ விட்டதைப் பிடிக்கப் பெரிய மேசைக்கு ஓடுகிறார். அங்கேதான் மூழ்குகிறார்.

தோல்விகளும் ஒரே வகையல்ல. கையில் ஆகச் சிறந்த தொடக்கச் சீட்டுகளான இரண்டு ஆஸ், எதிராளியிடம் இரண்டு ராஜா. பொதுச்சீட்டு விழும் முன்பே மொத்தப் பணமும் நடுவில். அப்போதும் தோற்க ஏறக்குறைய 18 சதவீத வாய்ப்பு உண்டு. அப்படித் தோற்பது பிழையல்ல. ஆனால் அந்த ஆத்திரத்தில் அடுத்த ஆட்டத்திலேயே எட்டு, மூன்று என்ற மட்டமான சீட்டுகளை வைத்துக்கொண்டு பணத்தை ஏற்றினால், அது முழுக்க ஆடுபவரின் பிழை. இரண்டையும் பிரித்தறிய ஆட்டப் பதிவுகளை மறுநாள் நிதானமாகப் படிக்க வேண்டும். தோற்ற ஆட்டங்களை மட்டுமல்ல, அதிர்ஷ்டத்தில் ஜெயித்தவற்றையும்தான்.

கடன் வாங்கி ஆடுபவருக்கு இந்த யோசனை எதுவும் பொருந்தாது. அவர் உடனே நிறுத்த வேண்டும். இந்தியாவிலோ, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிவிட்டது.