ஓட்டமும் வேண்டும், ஓய்வும் வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் ஏதாவது ஒரு பூங்காவின் கேட்டுக்கு முன்னால் நின்று பார்த்தால் போதும், விஷயம் விளங்கிவிடும். ஒரே நிறப் பனியன் அணிந்த முப்பது நாற்பது பேர் கூட்டமாக உள்ளே வருகிறார்கள். ஒருவர் விசில் ஊதுகிறார். ஆறடி அகல நடைபாதையில் மும்மூன்று பேராக ஓட்டம் ஆரம்பமாகிறது. கைத்தடி ஊன்றி வந்த கிழவர் புல்தரையில் ஒதுங்குகிறார். பேரனைக் கையில் பிடித்து வந்த அம்மாள் மரத்தோரம் நின்றுவிடுகிறார். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து பெஞ்சில் கால் நீட்டிய தொழிலாளி திடுக்கிட்டு எழுந்திருக்கிறார். இரண்டு சுற்று முடிவதற்குள் வாய்ச்சண்டை வந்துவிடுகிறது. “பூங்கா என்ன உங்கள் அப்பன் வீட்டுச் சொத்தா?” என்று ஒரு தரப்பு கேட்கிறது. அதே கேள்வியை மறு தரப்பும் திருப்பிக் கேட்கிறது. இரு தரப்பிடமும் ஏச்சு வாங்குகிறவர், ஒப்பந்தக் கூலிக்குக் கேட் திறந்துவிடும் காவலாளி.

கூலி, நிலம், விலைவாசி என்று எத்தனையோ பிரச்னைகள் இருக்கையில் பூங்காத் தகராறுக்கு ஒரு தலையங்கமா என்று சில தோழர்கள் கேட்கலாம். பங்களா உள்ளவனுக்குத் தோட்டம் வீட்டிலேயே இருக்கிறது. கிளப்பில் சந்தா கட்டுகிறவனுக்கு மைதானம் அங்கே இருக்கிறது. ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேர் குடியிருக்கும் தொழிலாளிக்கு, காற்று வாங்க முனிசிபல் பூங்காவை விட்டால் வேறு இடமில்லை. ஆகவே இது நம்முடைய பிரச்னைதான்.

முதலில் ஓடுகிறவர்களின் நியாயத்தைக் கேட்போம். ஓடுகிறவர்கள் எல்லோரும் பணக்காரர்கள் என்று நினைப்பது தவறு. காவலர் வேலைக்குத் தயார் செய்கிற வாலிபர்களைப் பாருங்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை ஏழு நிமிஷத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அந்த ஏழு நிமிஷத்துக்காகப் பல மாதம் வியர்வை சிந்துகிறவர்களில் விவசாயக் கூலியின் மகன் உண்டு, மில் தொழிலாளியின் மகன் உண்டு. பெண்கள் இருட்டோடு தனியாக ஓட அஞ்சி, குழுவாகச் சேர்ந்து ஓடுகிறார்கள். அதில் என்ன தப்பு? சர்க்கரை வியாதியும் ரத்தக் கொதிப்பும் குடிசை வரை வந்துவிட்டன. 2023 நவம்பரில் சர்க்காரே ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று எட்டு கிலோமீட்டர் நடைபாதைத் திட்டத்தை எல்லா ஜில்லாக்களிலும் தொடங்கியது. பூங்காவை விட்டு ரோட்டில் ஓடு என்று சொல்கிறவர்கள், லாரிகள் சீறிப் பாயும் சி.டி.எச். சாலையில் ஒரு நாள் ஓடிப் பார்க்கட்டும்!

மறு தரப்பின் நியாயமும் இதற்குக் குறைந்ததல்ல. கிழவருக்குத் தேவை வேகம் அல்ல, கீழே விழாமல் நடக்க ஒரு பாதை. விழுந்து இடுப்பு முறிந்தால் அந்தக் குடும்பத்தின் கதி என்ன? கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் அதே நிலைமைதான். பகலெல்லாம் வீட்டு வேலை செய்து ஓய்ந்த பெண்ணுக்கு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதே பெரிய சுகம். பூங்காவில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதும் ஓர் உரிமை. ஓடுகிறவர் மட்டும் பூங்காவைப் ‘பயன்படுத்துகிறார்’, உட்கார்ந்திருப்பவர் இடத்தை அடைக்கிறார் என்ற எண்ணம் சரியல்ல.

இரண்டும் நியாயமென்றால் தீர்ப்பு என்ன? இதற்கு நம் விவசாயத் தோழர்களிடமே விடை இருக்கிறது. ஏரித் தண்ணீர் குறைவாக இருக்கும் வருஷத்தில் ஊர் என்ன செய்கிறது? முறை வைக்கிறது. இத்தனை நாழிகை உன் வயலுக்கு, இத்தனை நாழிகை அடுத்த வயலுக்கு என்று நீர்க்கட்டி மடையைத் திறந்து மூடுகிறார். முறை இல்லாவிட்டால் தலைமடைக்காரன் வயல் நிரம்பும், கடைமடைக்காரன் பயிர் கருகும். பூங்காவில் தலைமடைக்காரர் யார்? காலில் பலமும் கூட்டத்தின் பலமும் உள்ளவர். கடைமடைக்காரர் யார்? கிழவர், குழந்தை, நோயாளி. முறை வைப்பதன் நோக்கமே கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர வேண்டும் என்பதுதான். ஆகவே யாரையும் விரட்டக் கூடாது, ஆனால் பலமுள்ளவரே முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும். இதுவே நம் அபிப்பிராயம்.

தனியாக ஓடுகிறவரும் நாற்பது பேர் கொண்ட குழுவும் ஒன்றல்ல என்பதை ஓட்டக்குழுத் தோழர்கள் உணர வேண்டும். ஒருவர் ஓடினால் மற்றவர்கள் சற்று விலகி வழி விடலாம். நாற்பது பேர் சேர்ந்து ஓடினால் பாதையே அவர்களுடையதாகிவிடுகிறது. எண்ணிக்கை கூடும்போது கட்டுப்பாடும் கூட வேண்டும். தொழிற்சங்கத்தில் இருப்பவர்களுக்கு இது புதிய பாடம் அல்ல. ஊர்வலம் போகும்போதே ஆஸ்பத்திரி வண்டிக்கு வழி விடுகிறவர்கள் நாம். நம் சங்கங்களும் பூங்காவில் வாயிற்கூட்டம், பேரவைக் கூட்டம் என்று கூடுவதுண்டு. ஓட்டக்குழுவுக்குச் சொல்லும் இதே விதி நமக்கும் பொருந்தும்.

காசு வாங்காமல் நண்பர்கள் சேர்ந்து ஓடுவது ஒரு வகை. மாதச் சந்தா வாங்கிப் பயிற்சி கொடுப்பதும், கம்பெனி விளம்பரப் பதாகை கட்டி ஓட்டப் பந்தயம் நடத்துவதும் வேறு வகை. முன்னது பொதுஜனங்களின் உபயோகம், பின்னது பொது நிலத்தில் வியாபாரம். இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

இந்தச் சச்சரவில் ஓர் ஆபத்தும் மறைந்திருக்கிறது. ஜனங்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டால் நடுவில் கட்டணப் பெட்டியை வைப்பதற்கு ஆள் தயாராக இருக்கும். பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். 2004-இல் லண்டன் புஷி பூங்காவில் 13 பேர் ஓடிய ஒரு சிறு ஓட்டத்திலிருந்து, ‘பார்க்ரன்’ என்ற வாராந்தர இலவச ஓட்டம் வளர்ந்தது. ஐந்து கிலோமீட்டர் தூரம், யாரும் வரலாம், தலைக்கு ஒரு காசும் கிடையாது. பிரிஸ்டல் நகருக்கு அருகே லிட்டில் ஸ்டோக் பூங்காவில் சனிக்கிழமைதோறும் நூற்றுக்கணக்கானோர் ஓடினார்கள். பாதை தேய்கிறது, வண்டி நிறுத்த இடம் போதவில்லை என்று மற்றவர்கள் முறையிட்டார்கள். அந்த முறையீட்டில் நியாயம் இருந்தது. ஆனால் 2016 ஏப்ரலில் ஸ்டோக் கிஃபோர்ட் ஊராட்சி மன்றம் கண்ட பரிகாரம் என்ன? ஓட்டத்துக்குக் கட்டணம்! இலவசம் என்ற கொள்கையை விட முடியாது என்று அமைப்பாளர்கள் மறுத்தார்கள். அந்தப் பூங்காவில் ஓட்டமே நின்றுபோயிற்று. முறை வைத்துத் தீர்த்திருக்க வேண்டிய காரியத்தைக் காசு வைத்துத் தீர்க்கப் பார்த்து, கடைசியில் காசும் வரவில்லை, ஓட்டமும் இல்லை.

சீமையில் நடந்தது இங்கே நடக்காது என்று இருந்துவிட முடியாது. 2024 அக்டோபர் இறுதியில் சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விடுவது, ஆடுகிற ஒருவர் ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் கட்டுவது என்று அது கூறியது. வடசென்னைக் குப்பத்துப் பையன் பந்து உதைக்க மணிக்கு 120 ரூபாய்க்கு எங்கே போவான்? எதிர்ப்பு கிளம்பியது, உடனே தீர்மானம் வாபஸ் வாங்கப்பட்டது. ஒன்றுபட்டுக் கேட்டால் கிடைக்கும் என்பதற்கு அது ருசு. விழிப்பாக இல்லாவிட்டால் அதே திட்டம் வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும் என்பதற்கும் அதுவே ருசு.

இவ்வளவு நெருக்கடி ஏன் வந்தது என்ற கேள்விக்கு வருவோம். கிழவரும் வாலிபரும் ஆறடிப் பாதைக்கு அடித்துக்கொள்வதற்குக் காரணம் அவர்கள் அல்ல. பாதை ஆறடியாக இருப்பதுதான் காரணம். 1955 ஜனவரியில் இதே ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிஸ்ட் பாணி சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. அதன் பிறகு ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது. அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. முதலாளிகளுக்கு நிலம் கிடைத்தது, மின்சாரம் கிடைத்தது, ரோடு கிடைத்தது. அந்தத் தொழிற்சாலைகளில் உழைக்க வந்த லட்சக்கணக்கான ஜனங்கள் மூச்சு வாங்க எத்தனை ஏக்கர் ஒதுக்கினார்கள்? அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சி ஆயிற்று. பெயர் உயர்ந்தது, வரியும் உயர்ந்தது. அதே 2019-இல் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் பூங்கா வந்ததை வரவேற்கிறோம். ஆனால் இத்தனை பெரிய ஊருக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

சட்டம் இல்லாமல் இல்லை. பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளி ஆகியவற்றைப் பாதுகாக்க 1959-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளில், ரோடு போக மீதி நிலத்தில் நூற்றுக்குப் பத்து பங்கைப் பொதுவெளியாக விட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் ஓரளவு வரை நிலத்துக்குப் பதில் பணத்தைக் கட்டிவிட்டுப் போகவும் அதே விதி வழி வைத்திருக்கிறது. பணத்தின் மேல் குழந்தை விளையாட முடியுமா?

கொடுத்த நிலமும் எப்படி மறைகிறது என்பதற்குச் சென்னையின் ‘பீப்பிள்ஸ் பார்க்’ சாட்சி. நூறு ஏக்கருக்கு மேல் பரந்து கிடந்த அந்த ஜனங்களின் பூங்காவில், மண்டபம், மூர் மார்க்கெட், 1913-இல் முடிந்த ரிப்பன் கட்டிடம், விளையாட்டு அரங்கம் என்று ஒவ்வொன்றாக எழும்பின. இன்று ஜனங்களும் இருக்கிறார்கள், நகரமும் இருக்கிறது, அந்தப் பூங்காவைத் தேட வேண்டியிருக்கிறது. ஆனால் நீதிமன்றம் எப்போதும் கை விரித்துவிடவில்லை. 1991-இல் பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய நிலத்தைத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தது செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. வழக்காடியவர்கள் அந்த வட்டாரத்து ஜனங்கள்.

திறந்தவெளிக்காகப் போராடுவது தொழிலாளி வர்க்கத்துக்குப் பழைய பழக்கம். 1932 ஏப்ரல் 24-ந் தேதி, இங்கிலாந்தில் மான்செஸ்டர் பகுதித் தொழிலாளி வாலிபர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு, பிரபுக்கள் வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கௌட் மேட்டில் ஏறினார்கள். முன்னின்றவர் பென்னி ராத்மன் என்ற இருபது வயதுக் கம்யூனிஸ்ட் வாலிபர். ஐந்து பேர் சிறை சென்றார்கள். 1949-இல் அந்த நாட்டில் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. இங்கே 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியது சென்னைக் கடற்கரை மணலில். சிந்தாதிரிப்பேட்டையின் நேப்பியர் பூங்கா 1990-இல் மே தினப் பூங்கா ஆயிற்று. எட்டு மணி நேர வேலை என்று நம் முன்னோர் கேட்டது, மீதி நேரத்தில் மனிதனாக வாழ்வதற்காகத்தான். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா சட்டசபையில் நிறைவேறி, எதிர்ப்பின் காரணமாக மே தினத்தன்று வாபஸ் ஆனதை யாரும் மறந்திருக்க முடியாது. பூங்காவுக்குப் போக இடம் மட்டும் போதாது, நேரமும் வேண்டும்.

ஆகவே நாம் கோருவது:

1. ஒவ்வொரு பூங்காவுக்கும் முதியவர், மாதர், ஓட்டக்குழு, அங்கே வேலை செய்யும் தொழிலாளி ஆகியோர் அடங்கிய கமிட்டி அமைக்க வேண்டும். முறை நேரத்தை அந்தக் கமிட்டி தீர்மானித்துப் பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

2. இருபது பேருக்கு மேற்பட்ட குழு முன்கூட்டித் தகவல் சொல்ல வேண்டும். கட்டணம் கூடாது. ஒற்றை வரிசையில் ஓட வேண்டும், விசிலும் ஒலிபெருக்கியும் கூடாது. குழந்தைகள் ஆடும் இடத்திலும் எட்டுப் போட்ட நடைபாதையிலும் ஓட்டம் கூடாது.

3. வியாபாரப் பந்தயங்களுக்கும் சந்தா வாங்கும் பயிற்சிக்கும் பூங்காவைக் கொடுக்கக் கூடாது.

4. பூங்காக்களை அதிகாலை முதல் இரவு வரை பூட்டாமல் வைக்க வேண்டும். ஷிப்ட் தொழிலாளிக்குப் பகல்தான் ஓய்வு நேரம்.

5. ஓட்டக்குழுக்களுக்குப் பள்ளி மைதானங்களையும் தொழிற்சாலை மைதானங்களையும் காலை வேளையில் திறந்துவிட வேண்டும். 2022-இல் அண்ணாநகர் இரண்டாவது அவென்யூவில் ஞாயிறு காலை வண்டிகளை நிறுத்தி ரோட்டை ஜனங்களுக்கு விட்டார்கள். அண்ணாநகருக்கு முடிந்தது அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஏன் முடியாது?

6. பொதுவெளி நிலங்களின் பட்டியலை வார்டு வாரியாக வெளியிட வேண்டும். ஆக்கிரமிப்பை அகற்றிப் புதிய பூங்காக்கள் அமைக்க வேண்டும்.

இவற்றில் முதல் இரண்டுக்கும் எந்தச் சர்க்கார் உத்தரவும் தேவையில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமையே கேட்டருகே இரு தரப்பும் நின்று பேசினால் முடிந்துவிடும். நம் தோழர்கள் முன்கை எடுத்துப் பேச வைக்க வேண்டும். மற்ற நான்கும் அப்படி வரமாட்டா. அவற்றுக்கு மாநகராட்சி வாசலில் போய்க் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கும் நாளில், ஓடுகிற வாலிபரும் தடி ஊன்றிய கிழவரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும்.