உறவைச் சொல்லிக் கொடுப்பது யாருடைய வேலை?



முன்பள்ளிக்கே போகாத இரண்டரை வயதுப் பிள்ளைகள் பலர் நமது ஊரில் இப்போது ஆங்கிலத்தில் நிறம் சொல்கிறார்கள், மிருகங்களின் பெயர் சொல்கிறார்கள். யூடியூப் சொல்லிக் கொடுத்தது. பெற்றாருக்கு அதில் பெருமை, இருக்கட்டும். அதே பிள்ளையிடம் வாசலில் வந்து நிற்கிற வாப்பாவின் ராத்தாவைக் காட்டி "இது யாரு?" என்று கேட்டால் "ஆன்ட்டி" என்கிறது. கடைக்காரரும் அங்கிள், வாப்பாவின் தம்பியும் அங்கிள், ஊசி போடுகிற டொக்டரும் அங்கிள்.

ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிற நாங்கள் இதைத் தரம் ஒன்றில் பார்க்கிறோம். குடும்பப் படம் வரையச் சொன்னால் உம்மா வருவா, மூத்தம்மா வருவா, பூனைகூட வரும். இரண்டு தெரு தள்ளி இருக்கிற வாப்பும்மா வரமாட்டா. கேட்டால் "அவங்க எங்கட வீட்டு ஆக்கள் இல்ல" என்று பிள்ளை சொல்லும். ஐந்து வயதில் அதைத் திருத்த முடியும், ஆனால் கஷ்டம். ஒரு வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில் வீட்டில் தானாக நடக்க வேண்டிய வேலை அது. முன்பள்ளி ரீச்சரிடமோ, படம் போட்ட அட்டையிடமோ ஒப்படைக்கிற வேலை இல்லை.

பிள்ளைக்கு ஆளை அறிகிற ஆற்றல் நாம் நினைப்பதைவிட முந்தியே வந்துவிடுகிறது. பிறந்து மூன்று நாள் ஆவதற்குள் தாயின் குரலை வேறு பெண்ணின் குரலிலிருந்து பிரித்தறிகிறது என்பதை 1980இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். 1999இல் வேறு இருவர் ஆறு மாதப் பிள்ளைகளுக்குத் தாய், தகப்பன் இருவரின் வீடியோவையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினார்கள். "மம்மி" என்ற சொல் கேட்டதும் தாயின் பக்கம் கூடுதலாகப் பார்த்தன. "டாடி" என்றதும் தகப்பனின் பக்கம். முன்பின் தெரியாத ஆணையும் பெண்ணையும் காட்டியபோது அப்படி நடக்கவில்லை. அந்த வயதில் அது ஒரு குறித்த ஆளின் பெயர், அவ்வளவுதான். பிறகு ஒன்றரை வயதளவில் தாடி வைத்த எல்லோரும் வாப்பா ஆகிவிடுவார்கள். அதுவும் வளர்ச்சிதான். சிரித்து, திரும்பத் திரும்பச் சொல்ல வைத்து வீடியோ எடுக்கத் தேவையில்லை. "இது சாச்சா. வாப்பாட தம்பி" என்று சொல்லிவிட்டு நம்முடைய வேலையைப் பார்த்தால் போதும்.

நமது வீடுகளில் நடக்கிற பெரிய பிழை பரீட்சை வைப்பது. விருந்தாளி வந்து உட்கார்ந்த உடனே பிள்ளையை நடுவில் நிறுத்தி "இது யாரு, சொல்லு, சொல்லு" என்று கேட்பது. சொல்லாவிட்டால் வெட்கம். எட்டு, ஒன்பது மாதப் பிள்ளை புதுமுகத்தைக் கண்டு அழுவது இயல்பு என்று தெரிந்தும், "இவ பிள்ளைய யாருக்கும் ஒட்ட விடல்ல" என்று உம்மாவின் தலையில் போடுவது. வந்தவர் கொஞ்ச நேரம் பிள்ளையைப் பார்க்காத மாதிரி நிலத்தில் இருந்து ஒரு மூடியை உருட்டினால் பிள்ளை தானாக வரும். உறவுச் சொல் ஒரு வேலையோடு சேர்ந்து வந்தால்தான் ஒட்டும். சாச்சா தண்ணி ஊத்துறார். மாமி சோறு தீத்துறா. காக்கா பந்து எறியிறார். இப்படிச் சொல்வதற்குக் காசும் இல்லை, நேரமும் இல்லை.

அங்கிள், ஆன்ட்டி மரியாதைக் குறைவு என்று நாங்கள் சொல்லவில்லை. அந்தச் சொற்களில் செய்தி இல்லை, அதுதான் பிரச்சினை. நமது பேச்சில் வாப்பாவின் தம்பி சாச்சா, உம்மாவின் தம்பி மாமா. சாச்சாவின் பிள்ளைகள் நமக்குக் காக்கா, ராத்தா, தம்பி, தங்கச்சி. மாமாவின் பிள்ளைகள் மச்சான், மச்சி. மார்க்கச் சட்டத்தில் இரு பக்கத்தாரும் மஹ்ரம் இல்லை. ஆனாலும் சாச்சாவின் மகனை மாப்பிள்ளையாக நமது ஊரில் யாரும் நினைக்கமாட்டார்கள். ஒரு சொல்லுக்குள் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். அங்கிள் என்றால் இது முழுவதும் அழிந்துபோகும்.

ஊருக்கு ஊர் சொல் மாறும், அதில் சண்டை வேண்டாம். நமது பக்கம் காக்கா, அங்கால் நானா. நமக்கு ராத்தா, கண்டிப் பக்கத்தில் தாத்தா. இந்தத் தாத்தாவை நினைத்தால் பிள்ளைகள் பாவம்தான்: கார்ட்டூனில் அது பாட்டன், சிங்களத்தில் தகப்பன், கண்டியிலிருந்து மருமகளாக வந்தவவின் வாயில் மூத்த சகோதரி. உம்மா ஒன்று, மாமி ஒன்று சொல்லட்டும். இரண்டும் ஒரே ஆள் என்று பிள்ளைக்கு விளங்கிவிடும்.

நமது பகுதிக்கென்று ஒரு விஷயம் உண்டு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகிறார். வீடு பெண்ணுக்கு, குடியும் தாய்வழி. அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளிவந்த தன் நூலில் இந்த முறையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பெண்பிள்ளைக்கு இதில் பெரிய பாதுகாப்பு இருக்கிறது, அதை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சின்னப் பிள்ளையின் கண்ணுக்கு முன்னால் நாள் முழுக்க இருப்பது உம்மாவின் ஆட்கள். வாப்பாவின் ஆட்கள் வெள்ளிக்கிழமை, பெருநாள், மௌத்து வீடு. யாராவது மெனக்கெட்டுச் சொல்லிக் கொடுக்காவிட்டால் அந்தப் பக்கம் பிள்ளைக்கு இல்லை.

வாப்பாவே வெளிநாட்டில் என்றால் இன்னும் மோசம். கட்டாரில், சவூதியில் இருக்கிற வாப்பா பிள்ளைக்கு ஒரு போன். போன் அடித்தால் "வாப்பா" என்று ஓடிப்போய்ப் போனை முத்தமிடுகிற பிள்ளை, இரண்டு வருஷம் கழித்து ஆள் நேரில் வந்து தூக்கினால் கத்துகிறது. அந்த மனுஷன் சாப்பிடாமல் முற்றத்தில் போய் இருப்பார். இதில் யாரிலும் குற்றமில்லை. சின்னப் பிள்ளைக்குத் திரை காட்டாதீர்கள் என்று சொல்கிற அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம்கூட, 2016இல் வெளியிட்ட அறிவுரையில் 18 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு வீடியோ அழைப்பை மட்டும் விலக்கி வைத்தது. ஆகவே கதையுங்கள். ஆனால் பிள்ளையின் கையில் போனைக் கொடுத்துவிட்டு உம்மா சமைக்கப் போகக்கூடாது. கிட்ட இருந்து "வாப்பா சிரிக்கிறார், வாப்பா உன்ட சட்டையப் பார்க்கிறார்" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். சுவரில் படம் மாட்டாத வீடுகளில் ஒரு ஆல்பம் இருக்கட்டும். வாப்பா ஊருக்கு வந்தால் முதல் கிழமை தூக்கப் பாயாமல் பாயில் இருக்கட்டும். பிள்ளை வரும்.

இன்னொன்றைச் சொல்லாமல் விடமுடியாது, சிலருக்குக் கசக்கும். தலாக், பஸஹ் என்று காதி நீதிமன்றம் வரை போன குடும்பங்களில், மறுபக்கத்தைப் பிள்ளையின் வாயிலிருந்தே எடுத்துவிடுகிறார்கள். உயிரோடு இருக்கிற வாப்பாவை மௌத்தாகிவிட்டார் என்று சொல்லி வளர்க்கிறார்கள். மாமாவை வாப்பா என்று கூப்பிடப் பழக்குகிறார்கள். அந்தப் பிள்ளை பாடசாலைக்கு வரும்போது பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், பிள்ளையின் வாயில் வேறொரு பெயர். ஒரு நாள் வகுப்பில் இன்னொரு பிள்ளை உண்மையைச் சொல்லிவிடும். ஊர் சின்னது. புருஷன் பெண்சாதி உறவு முறியலாம், வாப்பா மகன் உறவு முறிவதில்லை. உறவைச் சேர்ந்து நடக்கத் தேவையான அளவுக்கு வம்சத்தை அறிந்துகொள்ளச் சொல்லும் ஹதீஸ் திர்மிதியில் இருக்கிறது. மிம்பரில் கேட்டுத் தலையாட்டுகிறோம்.

கடைசியாகப் பெயர் விஷயம். இரண்டு வயதில் "வாப்பாட பேர் என்ன?" என்றால் "வாப்பா" என்றுதான் பதில் வரும், சரிதான். உறவு என்பது இரண்டு ஆட்களுக்கு இடையிலான ஒன்று என்பது பிந்தித்தான் விளங்கும். தனக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்று சொல்கிற பிள்ளையிடம் "உன் தம்பிக்கு ஒரு காக்கா இருக்கிறாரா?" என்று கேட்டால் இல்லை என்கிறது; பியாஜே என்ற உளவியலாளர் இதை 1920களிலேயே எழுதிவிட்டார். ஆனால் மூன்று வயதில் வாப்பாவின் பெயர், உம்மாவின் பெயர், ஊர் ஆகிய மூன்றையும் பிள்ளை சொல்ல வேண்டும். பெரியவர் பெயரைச் சொல்வது மரியாதை இல்லை என்று தடுக்கிறார்கள். பெருநாள் பின்னேரம் கடற்கரையில் கைதவறிப் போன பிள்ளை வேறு எதைச் சொல்லும்? 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கல்முனை ஆஸ்பத்திரியில் இருந்த "81ஆம் இலக்கக் குழந்தை" யாருடையது என்று மரபணுப் பரிசோதனை செய்துதான் தீர்த்தார்கள். அது சில மாதக் கைக்குழந்தை, பேசும் வயதில்லை. நம்மிடம் இருப்பவர்களுக்கு வாய் இருக்கிறது.

இந்த விடுமுறையில் ஒரு பின்னேரம் பிள்ளையை வாப்பும்மா வீட்டில் விடுங்கள், போன் இல்லாமல். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் வாப்பாவின் வாப்பாவை எப்படிக் கூப்பிடுவீர்கள்? மூத்தவாப்பாவா, அப்பாவா, வேறு சொல்லா? ஊர் பெயரோடு கீழே எழுதுங்கள். சேர்த்து வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டப்போகிறோம்.