சராசரிகளை ஒப்பிடும் முறை: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

வயல் சோதனை முடிந்து, அனோவா அட்டவணையில் எஃப் மதிப்பு தேறியதும், பல ஆய்வேடுகளில் யோசனை அங்கேயே நின்றுவிடுகிறது. டங்கன் சோதனையை மென்பொருளில் ஓட்டி, சராசரிகளுக்குப் பக்கத்தில் ஏ, ஏபி, பி என்று எழுத்துகளைப் போட்டு முடித்துவிடுகிறோம். எந்தக் கேள்விக்காக நாற்று நட்டோம் என்பது அந்த எழுத்துகளில் தெரிவதில்லை. ஒப்பீட்டு முறையைக் கேள்விதான் தீர்மானிக்க வேண்டும், அதுவும் விதைப்புக்கு முன்பே. வேளாண் ஆய்வாளர்களும் புள்ளியியலாளர்களும் சேர்ந்த எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு இதுதான்.

இந்தப் பழக்கத்தால் அதிகம் பாழாவது உரச் சோதனைகள். நெல்லுக்கு எக்டருக்கு 0, 50, 100, 150, 200 கிலோ தழைச்சத்து இட்டுப் பார்க்கிறோம் என்று வையுங்கள். விளைச்சல் எப்படி ஏறுகிறது, எந்த இடத்தில் ஏற்றம் தணிகிறது, எந்த அளவுக்கு மேல் உரச்செலவு கட்டுப்படியாகாது என்பவையே இங்கே கேள்வி. அதற்கு நேர்கோட்டுப் போக்கையும் இருபடிப் போக்கையும் சோதித்து வளைகோடு பொருத்த வேண்டும். இடையிலுள்ள 120 கிலோவுக்கும் அந்தக் கோடு விடை தரும், எழுத்துகள் தராது. அதைவிடக் கவலை தருவது இன்னொன்று. 100, 150 இரண்டுக்கும் ஒரே எழுத்து விழுந்தால் 'இரண்டும் சமம்' என்று பரிந்துரை போய்விடுகிறது. வேறுபாட்டுக்குச் சான்று போதவில்லை என்பது வேறு, வேறுபாடே இல்லை என்பது வேறு. மூன்றே ரெப்ளிகேஷன் வைத்த சோதனையில் இந்த இரண்டையும் குழப்பினால், நட்டம் உழவருடையது.

ரகச் சோதனையில் கேள்வி மாறுகிறது. ஒன்பது புதிய வரிசைகளைச் செக் ரகத்தோடு வைத்துப் பார்க்கும்போது பத்துச் சராசரிகளில் 45 இணைகள் உண்டு. நமக்கு வேண்டியவை ஒன்பதே. டன்னெட் 1955இல் தந்த சோதனை இதற்கென்றே அமைந்தது. எல்லா இணைகளும் உண்மையிலேயே வேண்டுமென்றால் டூக்கி, ரெப்ளிகேஷன் சமமில்லாவிட்டால் டூக்கி–கிராமர், சிதறலும் சமமில்லாவிட்டால் கேம்ஸ்–ஹவெல்.

டங்கன் சோதனையை நாங்கள் முற்றாகத் தள்ளவில்லை. பத்துச் சராசரிகளும் உண்மையில் சமமாக இருந்தாலும், 5 சதவீத அளவில் அது ஒரு பொய் வேறுபாட்டையாவது காட்டும் வாய்ப்பு ஏறத்தாழ 37 சதவீதம். நல்ல வரிசையைத் தவறவிடுவதே பெரிய இழப்பாக இருக்கும் தொடக்கநிலைத் தேர்வில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். ரக வெளியீட்டுப் பரிந்துரைக்கு இதை ஏற்க மாட்டோம். நாம் சிடி என்று சொல்லும் எல்எஸ்டியை எஃப் சோதனையின் காவலின்றி எல்லா இணைகளுக்கும் ஓட்டினால், அதே நிலையில் இந்த வாய்ப்பு பாதியைத் தாண்டும். முன்கூட்டியே எழுதிவைத்த இரண்டு மூன்று ஒப்பீடுகளுக்கு மட்டும் சிடி போதும்.

பல முறைகளையும் ஓட்டிப் பார்த்து, சாதகமானதை மட்டும் வெளியிடுவதை ஆய்வு நேர்மைக்கு எதிரானதாகவே கருதுகிறோம்.

எங்கள் உறுப்பினர்கள் மதிப்பிடும் ஆய்வேடுகளில் இனி மூன்று கேட்போம்: விதைப்புக்கு முன் எழுதிய ஒப்பீட்டுத் திட்டம், அந்த முறையைத் தேர்ந்த காரணம், ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் நம்பக எல்லைகள். ஸ்பிளிட் பிளாட் சோதனையானால் எந்தப் பிழையை எந்த ஒப்பீட்டுக்கு எடுத்தார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். எழுத்துகள் மட்டும் உள்ள அட்டவணையைத் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்புவோம்.