அறிவுக்கு முழக்கோலா?

அறிவு பிறப்பிலேயே அளந்து வைக்கப்பட்டது என்பான் ஒருவன்; அவ்வளவும் குலத்துக்குக் குலம் வேறுபடும் என்பான் மற்றொருவன். இவ்வுரைகளை அறிவியலின் பெயரால் நம்புவார் இன்றும் நம்மிடையே உளர். இவை அறிவியலல்ல, ஏரணப் பிழைகள்.

நெம்மேலிக் கடற்கரையைப் பாருங்கள். வாடையும் கொண்டலும் கச்சானும் திரும்பும் வேளையறிந்து, நீரோட்டம் நோக்கி வலைவிடும் மீனவன் எந்த நுண்ணறிவுத் தேர்வும் எழுதியவனல்லன். ஆயின் அவன் மகன் பள்ளியை விட்டு நின்றால், ‘கடற்கரைப் பிள்ளைக்குப் படிப்பேறாது’ என்று முடிவு கட்டிவிடுவார் பலர். படித்துத் தேறிய மீனவப் பிள்ளை அவர் கணக்கில் வாரான்; படிப்பில் தோற்ற செல்வர் வீட்டுப் பிள்ளையும் வாரான். தன் கருத்துக்கு இசைவனவற்றையே மாந்த மனம் தேடிப் பொறுக்கும் என்பதைப் பீட்டர் வேசன் என்னும் ஆங்கில உளவியலார் 1960இல் ஆய்ந்து காட்டினார்.

அளவுகோலின் கதையையும் கேளுங்கள். 1905இல் பாரிசில் ஆல்பிரடு பினேயும் தியோடர் சிமோனும் அதனை வகுத்தது, படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளைக் கண்டறிந்து உதவுதற்கே. அறிவு கூடாது, குறையாது என்னும் கருத்தைப் பினேயே மறுத்தார். அமெரிக்கா சென்றபின் அக்கோல் இனங்களைத் தரம்பிரிக்கும் கருவியாயிற்று. படைவீரர்க்கு நடத்திய தேர்வுகளைக் கொண்டு, தென் ஐரோப்பிய, கிழக்கு ஐரோப்பியக் குடியேறிகள் அறிவிற் குறைந்தோர் என்று கார்ல் பிரிகாம் 1923இல் எழுதினார். அந்நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்த குடியேறிகள் மிகுந்த மதிப்பெண் பெற்றிருந்ததை அவர் கண்டார். மொழிப்பழக்கமும் வாழ்க்கைப் பழக்கமுமே அதற்குக் கரணியம் என்று கொள்ளவில்லை. 1930இல் தம் முடிவைத் தாமே கைவிட்டார். ஆனால் குடியேறிகளைத் தடுக்கும் சட்டமோ 1924லேயே வந்துவிட்டது! அயன்மொழியில் வினவிவிட்டு, விடை வாராதபோது அறிவில்லை என்பது எத்துணைக் கொடுமை!

1987இல் சேம்சு பிளின் பதினான்கு நாடுகளின் தேர்வுகளை ஒப்பிட்டு, ஒரே தலைமுறைக்குள் மதிப்பெண்கள் பெரிதும் உயர்ந்தமையைக் காட்டினார். ஒரு தலைமுறைக்குள் குருதி மாறாது, வாழ்நிலையே மாறும்.

தமிழகமும் இப்பிழைக்கு விலக்கன்று. 1953இல் இராசாசி அரசு, பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பெற்றோர் தொழிலைக் கற்கச் சொன்னது. மக்கள் அதனைக் குலக்கல்வி என்றே அழைத்தனர். 1954இல் காமராசர் அதனை நீக்கினார். பின்னர்ப் பள்ளிகளில் பகலுணவும் தந்தார். குலத்தொழிலை அறிவின் எல்லையாகக் கொண்டிருந்தால், பின்னாளில் மருத்துவராகவும் பொறியாளராகவும் உயர்ந்த எளிய குடிப்பிள்ளைகள் எங்கே போயிருப்பர்?

பிழைபட்ட ஏரணத்தைப் பிரித்தறியும் கலை தமிழுக்குப் புதிதன்று. நெம்மேலிக்கு மேற்கே உள்ள காஞ்சியில்தான் மணிமேகலை அறவண அடிகளிடம் அதனைக் கற்றதாகச் சாத்தனார் பாடினார். அந்நூலின் 29ஆம் காதை, நிறுவவந்த கருத்திலும், ஏதுவிலும், எடுத்துக்காட்டிலும் நேரும் பிழைகளை வகைப்படுத்துகிறது. கலைச்சொற்கள் பல வடசொற்களேயாயினும், அப்பிழைக்கு வழங்கும் பெயர் நற்றமிழ்ச் சொல்: போலி!

ஆகவே, தமிழரே, ‘இன்ன குலத்தானுக்கு அறிவு இவ்வளவே’ என்று எவரேனும் உரைத்தால், சினந்து பேசுவதோடு நில்லாதீர். அளந்த கோல் எது? அளந்த மொழி எது? கணக்கில் வாராது விடப்பட்டோர் யாவர்? இம்மூன்றையும் கேளுங்கள். விடை கூறமாட்டாதவன் கூற்று போலியே. அதனை நம்பி ஒரு பிள்ளையையேனும் பள்ளியினின்று நிறுத்துவோமாயின், குறையறிவு அப்பிள்ளையினதன்று, நம்முடையதே.