கிடைச்சிடுச்சுன்னு நம்புங்க, மாத்திரையையும் போடுங்க

கொஞ்சம் நீளமான இழை. ஜெபத்தைக் கேலி பண்ண எழுதல. முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க.

காசநோய்க்கு மாத்திரை எடுத்துட்டிருந்த ஒரு அக்கா, ரெண்டு மாசத்துக்கு அப்புறம் வரவே இல்லை. திரும்ப வந்தப்போ சளியில ரத்தம். ஏன்க்கா நிறுத்தினீங்கன்னு கேட்டேன். "சுகம் கிடைச்சாச்சுன்னு விசுவாசிச்சேன் டாக்டர். மாத்திரை போட்டா நம்பலைன்னு ஆயிடும்ல?"

அவங்க சொன்னதை அசட்டுத்தனம்னு தள்ளிட முடியாது. மாற்கு 11:24-ன் சாரமே அதுதான்: ஜெபிக்கும்போதே பெற்றுக்கொண்டதாக நம்புவது. இதைப் பிடிச்சுக்கிட்டு, நெவில் கோடார்ட் (1905-1972) மாதிரி ஆட்கள், மனித கற்பனைதான் கடவுள் என்கிற அளவுக்கே போனாங்க.

ஆனா அதே மாற்குல மூணு அதிகாரம் தள்ளிப் போங்க. கெத்செமனேயில் பாத்திரம் நீங்கணும்னு இயேசுவே கேட்கிறார். நீங்கல. பவுல் தன் உடம்பில் இருந்த முள்ளுக்காக மூணு தடவை வேண்டினார். முள் போகல, கிருபைதான் கிடைச்சது. இவங்களுக்கு விசுவாசம் குறைவுன்னு எந்தப் போதகராவது சொல்வாரா?

அமெரிக்காவில் 2006-ல் வெளியான ஓர் ஆய்வு. பைபாஸ் செய்துகொண்ட 1,802 பேர். தங்களுக்காக ஜெபிக்கிறாங்கன்னு உறுதியா தெரிஞ்சவங்கள்ல 59% பேருக்குச் சிக்கல். ஜெபம் உண்டா இல்லையான்னு தெரியாமலே ஜெபிக்கப்பட்டவங்கள்ல 52%. தற்செயலாவும் இருக்கலாம். இதை வச்சு கடவுளை அளக்க முடியாது (நாத்திக நண்பர்களும் கவனிக்க). 'குணமாகியே தீரணும்' என்கிற பாரமும் ஒரு காரணமோன்னு எனக்கு ஒரு சந்தேகம். அந்த அக்கா முகத்துல அந்தப் பாரத்தைப் பார்த்தேன்.

காசநோயில் சில வாரத்திலேயே இருமல் குறையும், எடை ஏறும். 'கிடைச்சிடுச்சு'ன்னு தோணுறது அப்போதான். ஆனா மந்தமா பதுங்கியிருக்கும் கிருமிகள் சாக வழக்கமா 6 மாசம் ஆகும். நடுவுல விட்டா நோய் திரும்பும், மருந்துக்கு அடங்காத கிருமியாவும் மாறலாம். அது வீட்டுல இருக்கிற குழந்தைக்கும் பரவும்.

போதகர்களே, சாட்சி சொல்ல மேடை ஏத்தும்போது "மாத்திரை போடுறீங்களா"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. நீங்க கேட்டா கேட்பாங்க. நான் கேட்டா அவிசுவாசி ஆயிடுறேன்.

அக்காவுக்கு மருந்து எதிர்ப்புப் பரிசோதனைக்குச் சளி அனுப்பியிருக்கோம். இப்போ மாத்திரையைக் கையில வச்சுக்கிட்டேதான் ஜெபம் பண்றாங்களாம். ரிசல்ட் இன்னும் வரல.