பி.டி. பீரியடைப் பறிக்காதீங்க!



உங்களுக்கு ரொம்பப் பிடித்த பீரியட் எது என்று கேட்டால், வகுப்பே ஒரே குரலில் சொல்லும், 'பி.டி.' என்று. சரி... அடிக்கடி காணாமல் போகும் பீரியட் எது? அதற்கும் அதே பதில்தான்! பரீட்சை நெருங்கினால் கணக்கு கடன் வாங்கிக் கொள்ளும்; பாடம் முடியாவிட்டால் அறிவியல் கடன் வாங்கிக் கொள்ளும். வாங்கிய கடனை யாரும் திருப்பித் தருவதில்லை.

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன் நான். என் கருத்து இதுதான்: விளையாட்டு நேரத்தைக் கணக்குக்குக் கொடுக்க வேண்டாம். கணக்கையும், அறிவியலையும் மைதானத்துக்கு அழைத்து வருவோம்.

எப்படி என்கிறீர்களா?

கபடிக் களத்தை எடுத்துக் கொள்ளுங்கள். ஆண்கள் ஆடும் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். கோட்டின் மேலேயே ஒரு சுற்று ஓடுங்கள். 46 மீட்டர் ஓடியிருப்பீர்கள். அதுதான் சுற்றளவு. கோட்டுக்கு உள்ளே இரண்டு அணிகளும் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக் காக்கிற மண் இருக்கிறதே... அது பரப்பளவு, 130 சதுர மீட்டர். சுற்றளவு எது, பரப்பளவு எது என்று குழம்பும் பிள்ளைகள் ஏராளம். காலால் ஓடிப் பார்த்த பிள்ளை குழம்பாது. பெண்கள் களம் 12 மீட்டருக்கு 8 மீட்டர். அதற்கு நீங்களே கணக்குப் போடுங்கள்!

களத்தின் மூலை கோணாமல் இருக்கிறதா? மூலையிலிருந்து ஒரு கோட்டில் 3 மீட்டர், மறு கோட்டில் 4 மீட்டர் அளந்து குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுவே கயிறு பிடித்தால் சரியாக 5 மீட்டர் வர வேண்டும். வந்தால் மூலை சரி. வீடு கட்டும் கொத்தனாரும் இப்படித்தான் மூலை பார்க்கிறார். பெரிய வகுப்பில் இதே கயிறு, 'பிதாகரஸ் தேற்றம்' என்ற பெயரில் வரும். அப்போது பயமே இருக்காது.

அடுத்து அறிவியல். அமைதியாக உட்கார்ந்து, மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து, 15 வினாடி நாடித் துடிப்பை எண்ணி, 4ஆல் பெருக்குங்கள். உங்கள் வயதில் பெரும்பாலும் 70க்கும் 100க்கும் இடையில் இருக்கும். இப்போது நாலு சுற்று ஓடிவிட்டு மறுபடி எண்ணுங்கள். ஏன் கூடியது? உழைக்கும் தசைகளுக்கு ஆக்சிஜன் அதிகம் தேவை. அதைக் கொண்டு போக இதயம் வேகமாக ரத்தத்தை அனுப்புகிறது. படம் வரைந்து பாகம் குறித்தால் மறந்து போகலாம்; நம் மார்புக்குள்ளேயே 'தடதட' என்று கேட்ட பாடம் மறக்குமா?

கோடு போடுகிற சுண்ணாம்பு கூட ஒரு பாடம்தான். (அதை நீங்கள் தொடாதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து. ஆசிரியரே போடட்டும்.) சுண்ணாம்புக்கல் நிறைந்த ஊர் அரியலூர்; சிமென்ட் ஆலைகள் இங்கு வந்ததும் அதனால்தான். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்த இடம் கடல்! அந்தக் கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் படிந்து படிந்து சுண்ணாம்புக்கல் ஆயின. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிப் போன மரம் ஒன்று கிடக்கிறது. நீளம் 18 மீட்டர். மைதானத்தில் 18 மீட்டர் அளந்து பாருங்கள். கபடிக் களத்தைவிட 5 மீட்டர் நீளம்!

2007ல் தமிழகம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குச் செயல்வழிக் கற்றல் வந்தது. அட்டைகளோடு வட்டமாகத் தரையில் உட்கார்ந்து பிள்ளைகள் படித்தனர். 2022ல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது; பாட்டும், கதையும், ஆட்டமும் வகுப்புக்குள் நுழைந்தன. இரண்டும் நல்ல முயற்சிகள். இன்னும் ஓர் அடிதான் பாக்கி... வகுப்பறை வாசற்படியைத் தாண்டுவது!

'கணக்கு வந்தால் விளையாட்டே கெட்டுவிடுமே, ஐயா?' என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். அளவு மீறினால் கெடும். அதனால், 40 நிமிடத்தில் 10 நிமிடம் அளக்கவும், எண்ணவும். மீதி 30 நிமிடமும் ஆட்டம் மட்டுமே. மதிப்பெண் கிடையாது; நோட்டில் திருத்தம் கிடையாது. இல்லாவிட்டால் அதுவும் பி.டி. பீரியடைப் பறிக்கிற இன்னொரு வழியாகிவிடும்.

ஆசிரியர்களுக்கும், பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கணக்கில் கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளை, கபடியில் முதல் ஆளாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மைதானத்தையும் பிடுங்கிவிட்டால், அந்தப் பிள்ளை தலை நிமிர்ந்து நிற்க வேறு இடம் ஏது? பெண் பிள்ளைகளையும் ஓரமாக உட்கார வைத்து 'ஸ்கோர்' எழுதச் சொல்லாதீர்கள். அவர்களும் ஓடட்டும், அளக்கட்டும்.

குழந்தைகளே... இனி யாராவது பி.டி. பீரியடைக் கடன் கேட்டால், மரியாதையாகச் சொல்லுங்கள்:

'சார், நீங்களும் மைதானத்துக்கு வாங்க. அங்கேயே கணக்குப் போடலாம்!'